சிமென்ட் பூசிய பொந்து

பகலாகியும் மலைக்காட்டில் பனிமூட்டம் விலகவில்லை. தவளைகளை ஆராயும் அந்தப் பெண் ஒரு முதிய மரத்தின் முன் அசையாமல் நிற்கிறாள். போன வாரம்வரை மழைநீர் தேங்கிக் கிடந்த பொந்தின் வாய், இப்போது வழவழவென்று சிமென்ட்டால் அடைபட்டிருக்கிறது. அந்தத் தண்ணீருக்குச் சற்று மேலே, உட்சுவரில், மரத்தவளையின் முட்டைகள் ஒட்டியிருந்தன. சரிவு முழுக்கத் தேடி அவள் கண்ட ஒரே முட்டைக்கொத்து அது. இந்த மரத்தைக் காப்பாற்றுங்கள் என்று வனத்துறை அலுவலகத்துக்கு நடையாய் நடந்ததும் அவள்தான்.

“வாங்க தவளையம்மா!” பக்கத்து மரத்தடியில் சிமென்ட் குழைத்துக்கொண்டிருக்கும் கொத்தனார் நிமிர்கிறார். “இனிமே உளுத்துப்போகாது. கல்தூண் மாதிரி நிக்கும்.”

“யாருண்ணே அடைக்கச் சொன்னது?”

“நல்லாக் கேட்டீங்க போங்க! நீங்க கேட்டீங்கன்னுதானே எங்களை அனுப்பியிருக்காங்க?”

அவள் நகத்தால் சுரண்டிப் பார்க்கிறாள். வெள்ளைக் கீறல் மட்டும் விழுகிறது. உளி வைத்தால் உள்ளே கூடாகிப்போன மரம் பிளந்துவிடும். அப்போது மேலே பட்டையிலிருந்து கட்டைவிரலளவு தவளை ஒன்று இறங்கி வருகிறது. முட்டைகளுக்குக் காவலிருக்கும் ஆண் தவளை. பூச்சின் விளிம்பை மூக்கால் முட்டியபடி சுற்றிவருகிறது, நடுவில் உட்கார்ந்து தொண்டை உப்பக் கூப்பிடுகிறது, மறுபடியும் சுற்றுகிறது.

கொத்தனாரின் முகம் மலர்கிறது.

“பாத்தீங்களா, அதுக்கும் பிடிச்சுப்போச்சு! இடத்தை விட்டு நகர மாட்டேங்குது.”