மறதி எழுத்து

"யாரை மறக்கணும்மா?" உளியைத் தீட்டியபடியே கேட்டான் எழுத்துச் சிற்பி.

"என் பொண்ணை. ஏழு வயசு. காய்ச்சல்ல போயிட்டா."

உளி நின்றது. "வளையல்ல மறதி எழுத்தை வெட்டிப் போட்டுக்கிட்டா, அவளோட சேர்ந்த எல்லாரையும் நீங்க மறந்துடுவீங்க. உங்க வீட்டுக்காரரைக்கூட. அவர் சம்மதிச்சாரா?"

"அவரு போன மாசமே மோதிரத்துல வெட்டிப் போட்டுக்கிட்டாரு. இப்போ என்னையே யாருன்னு கேக்கறாரு."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொண்டாட்டியை இப்படி அம்போன்னு விட்டுட்டானே! மனுஷனா அவன்? எந்தப் பாவி அவனுக்கு வெட்டிக் குடுத்தான்?"

அவள் வளையலைக் கழற்றினாள். வாங்கக் கை நீட்டினான். அவன் விரலில், எப்போது வந்ததென்று அவனுக்கே தெரியாத ஒரு மோதிரம். அதில் வெட்டியிருந்த எழுத்தை அவள் மெல்லத் தடவினாள்.

"நீங்களேதாங்க."