தரைக்குப் போகும் பெடல்

மகிமைதாஸ் ஆசைப்பட்டு வாங்கிய சிவப்பு ஹேட்ச்பேக் கார் அது. சின்ன உடம்புதான், மிதித்தால் பறக்கும். நான்கு வருடத்தில் கிளட்ச் தேய்ந்தது, டர்போ ஊளையிட்டது, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான். பிரேக்குக்குத்தான் பயந்தான். இறக்கத்தில் நாலைந்து முறை மிதித்தால் பெடல் அப்படியே தரைக்குப் போய்விடும். சரிபண்ணாமல் ஓட்டாதே என்றார் மெக்கானிக். அவன் காரை விற்றுவிட்டான். வாங்கிய இளம்பரிதியிடம் அதை மட்டும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், குடும்பத்தோடு மலைக்குப் போன படத்தை இளம்பரிதி அனுப்பியிருந்தான். மகிமைதாஸ் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தான். கூப்பிட்டான். எடுத்தது இளம்பரிதியின் மனைவி நர்மதா.

"அவர் ஓட்டிட்டிருக்கார்ணா. இப்பதான் மலையிலேர்ந்து இறங்குறோம். என்ன விஷயம்?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். பின்னால் ஒரு குழந்தை சிரித்தது.

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் மெதுவா போகச் சொல்லுங்க."

"இந்த வண்டிய வாங்கிட்டு யாராவது மெதுவா போவாங்களாண்ணா?" சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாள்.

உடனே திரும்ப அழைத்தான். 'பிரேக் சரியில்ல, ஓரமா நிறுத்துங்க' என்று சொல்ல இப்போது வாய் வந்துவிட்டது. மறுமுனையில் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.