பிரிக்காத இரண்டாவது தட்டு

சாயங்கால வெயிலில் இசைத்தட்டு சுழல்கிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் தன் விமர்சனத்தில் நார்நாராகக் கிழித்த இரட்டைத் தட்டு ஆல்பத்தைத் திரும்பக் கேட்டு எழுதும்படி பத்திரிகை கேட்க, விமர்சகர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பல் பிடுங்கும்போது பாடுகிறவர் மாதிரிதான் பாடகர் இன்னமும் பாடுகிறார். முதல் தட்டு ஓய்கிறது. மனைவி அவருடைய பழைய விமர்சனத்தை உரக்கப் படிக்கிறாள்: “இரண்டாவது தட்டு இதைவிடக் கொடுமை.” படித்துவிட்டு அந்த இரண்டாவது தட்டை எடுத்து நீட்டுகிறாள். கடையில் ஒட்டிய கண்ணாடித்தாள் பிரிக்கப்படாமல் பளபளக்கிறது. “இதை எப்படிங்க கேட்டீங்க?” அவர் காது சிவக்கிறது. நகத்தால் தாளைக் கிழித்து, தட்டைச் சுழலவிட்டு முள்ளை வைக்கிறார். பாட்டு வருகிறது. முகம் கடுகடுவென்றேதான் இருக்கிறது. மேஜைக்கடியில் கால் மட்டும் ஆடுகிறது. மனைவி குனிந்து பார்க்கிறாள். “மரத்துப்போச்சு, அதான் உதறுறேன்.” “தாளம் தப்பாமலா?”