அண்ணன் கால் அளவு

“அண்ணனை பஸ்ஸுல ஏத்த முடியலைங்க. எங்க ரெண்டு பேர் காலும் ஒரே அளவுதான். என் கால்லயே அளவு எடுத்துக்குங்க” என்றான் புருஷோத்தமன்.

அண்ணி ஞானாம்பாள்தான் அவனை மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு, நடக்க உதவும் கால் பிரேஸ் செய்யும் இடத்துக்கு அழைத்து வந்திருந்தாள். உள்ளே நுழையும்போதே வாசல்படி தடுக்கி விழப் பார்த்தான்.

“போன மாசம் சுனாமி அன்னிக்கு அண்ணனைத் தோள்ல போட்டுக்கிட்டு உப்பள வரப்புல ஓடினேன். அப்ப சுளுக்கினது, இன்னும் விடலை.”

டெக்னீஷியன் அவன் குதிகாலைப் பிடித்தார். “பாதத்தை மேல தூக்குங்க.”

முக்கிப் பார்த்தான். பாதம் எழவில்லை.

“என் காலை விடுங்க சார். அண்ணனுக்கு ஏ.எல்.எஸ்.னு சொல்லிட்டாங்க. நாளுக்கு நாள் நரம்பு செத்துக்கிட்டே வருது. பிரேஸ் போட்டா நாலு அடியாவது நடப்பாரு. சீக்கிரம் செஞ்சி குடுங்க, கெஞ்சிக் கேக்குறேன்.”

டெக்னீஷியன் ஞானாம்பாளைப் பார்த்தார். அவள் புருஷோத்தமன் பக்கம் திரும்பினாள்.

“அவரு இனிமே நடக்கமாட்டாரு தம்பி. அது அவருக்கே தெரியும்.”

“அப்புறம் எதுக்கண்ணி அளவு?”

“நீ நடக்குறப்ப கால் தரையில தேயிற சத்தத்தை அவரு படுத்துக்கிட்டே கேட்டுட்டிருந்தாரு. அவருக்கும் மொதல்ல அப்படித்தான் ஆரம்பிச்சுது. ‘எனக்குன்னு சொன்னாத்தான் வருவான், கூட்டிட்டுப் போ’ன்னாரு.”