உள்பக்கத்துப் பலகை

"சிங்க்குக்குக் கீழே மட்டமான பலகையே போதும்ண்ணே. யார் குனிஞ்சு பாக்கப்போறாங்க?"

வீட்டம்மா இப்படிச் சொன்னதும் தச்சருக்கு நெஞ்சு திக்கென்றது. அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

இருபத்தெட்டு வருட வேலையில் அவர் கண்டுகொண்ட சங்கதி ஒன்று உண்டு. கதவுக்கு என்ன மரம் கேட்கிறார்கள் என்பதை வைத்து ஆளை எடை போடக் கூடாது. நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு எல்லோரும்தான் தேக்கு கேட்பார்கள். கண்ணில் படாத உள்பக்கத்துக்கு என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தால் போதும், வீட்டு மனுஷர்களின் லட்சணம் தெரிந்துவிடும்.

வேறு வீடாக இருந்தால் மனசுக்குள் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். இது அவருடைய ஒரே மகள் வாழ ஆசைப்படுகிற வீடு.

மகள் விஷயத்தைச் சொல்லி ஒரு மாதமாகிறது. பையன் தன் வீட்டில் இன்னும் வாயைத் திறக்கவில்லை என்றும் சொல்லியிருந்தாள். என்ன செய்வதென்று அவர் குழம்பிக்கொண்டிருந்தபோதுதான், சமையலறை அலமாரி செய்ய வேண்டும் என்று இந்த அம்மா போன் செய்தார். முகவரியைக் கேட்டதும் தச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகள் சொன்ன அதே தெரு, அதே வீடு. அளவெடுக்கிற சாக்கில் ஆட்களையும் அளந்துவிடலாம் என்று, மகளிடம்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டார். சாயங்காலத்துக்குள் தன் முடிவைச் சொல்வதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"இங்க பாருங்கம்மா." குனிந்து, பழைய அலமாரியின் அடியில் கையை விட்டு ஒரு துண்டைப் பிய்த்தார். பாலில் நனைந்த பிஸ்கட் மாதிரி அது விரலிலேயே உதிர்ந்தது. "மரத்தூளை அமுக்கிச் செஞ்ச பலகை இது. நனையாத எடத்துல ஒழுங்கா இருக்கும். இங்க குழாய் லேசா ஒழுகினாலே உப்பிடும். தண்ணி தாங்குற பிளைவுட்தான் சரி. வேணும்னா கதவுக்குத் தேக்கு வேண்டாம், ரப்பர் மரமே போதும். செலவு கட்டுக்குள்ள வந்துடும்."

"ஐயோ, கதவுதானே எல்லாருக்கும் தெரியுது! அது தேக்குதான்."

தச்சருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சரி, விவரம் தெரியாமல் பேசுகிறார், அவ்வளவுதான் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். மகளுக்காக எதையாவது பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது.

அந்த அம்மா உள்ளறையைக் கண்ணால் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுக்காரருக்கும் உங்களை மாதிரியே நல்ல பலகைப் பைத்தியம். நீங்க ஒண்ணு பண்ணுங்க. அவர்கிட்ட பிளைவுட்னு சொல்லிட்டு உள்ளே இந்த மரத்தூள் பலகையையே அடிச்சிடுங்க. மிச்சமாகிறதுல ஹாலுக்கு ஒரு தேக்கு ஷோகேஸ் வந்துடும். மேலே மைக்கா ஒட்டிட்டா, உங்களையும் என்னையும் தவிர யாருக்குத் தெரியும்?"

"தண்ணிக்குத் தெரியும்மா."

"நல்லா பேசுறீங்க! பையனுக்கு வேற கல்யாணம் பேசப்போறோம். மாடியில முழுசா வேலை இருக்கு. எங்களோட ஒத்துப்போறவங்களுக்குத்தான் எல்லாம்."

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கவே வேண்டாம், மகள்தான். காலையிலிருந்து இது நாலாவது தடவை.

தச்சர் தடுமாறித்தான் போனார். 'சரிம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இந்த அம்மாவுக்கு மனசு குளிர்ந்துவிடும். நாளைக்குப் பெண்ணின் அப்பா இவர்தான் என்று தெரியும்போது முகம் சுளிக்க மாட்டார். முடியாது என்று சொன்னால், மகளின் வாழ்க்கையில் தானே மண்ணை அள்ளிப் போட்டதாக ஆகிவிடும். ஒரு அலமாரிதானே? உலகத்தில் யார்தான் செய்யவில்லை?

வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வெளியே வரவில்லை.

"என்னால முடியாதும்மா. வேற ஆளைப் பாத்துக்குங்க." நாடாவையும் பென்சிலையும் பையில் போட்டார்.

"அட, இதுக்குப் போய் இவ்வளவு பெரிய வேலையை விடுவாங்களா? பொழைக்கத் தெரியாத மனுஷரா இருக்கீங்களே!"

"அப்படியே இருந்துட்டுப் போறேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "உங்க பையனுக்குக் கல்யாணம்னு சொன்னீங்க. நாளைக்கு இதே சமையலறையில ஒரு பொண்ணு வந்து நிப்பா. ஒருநாள் கதவைத் திறப்பா, அது கையோட பேர்த்துக்கிட்டு வரும். எவன் செஞ்சான் இதைன்னு அவ கேப்பா. அந்தக் கேள்வியை என்னால தாங்க முடியாதும்மா."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். மகளிடம் என்ன சொல்வது? 'உன் மனசுக்குப் பிடிச்ச இடம் எனக்கு ஒத்துவரலைம்மா' என்று எந்த வாயால் சொல்வது? செருப்பை மாட்டும்போது கண் கலங்கி, இடது காலை வலது செருப்பில் நுழைத்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நில்லுங்க!"

பின்னாலேயே ஓடிவந்த அந்த அம்மா, அவர் தோளில் தொங்கிய பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். அந்த அம்மாவின் கண்ணும் கலங்கியிருந்தது, உதட்டில் மட்டும் சிரிப்பு. தச்சருக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த அம்மா உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"என்னங்க, ஆழம் பாத்ததும் ஒட்டுக்கேட்டதும் போதும், வெளியே வாங்க! நம்ம பையன் போன வாரம் சொன்ன மாதிரியேதான் இருக்கார், சம்பந்தி!"