முதலில் அடையாள அட்டை

பல்கலைக்கழகத் தலைமைத்துவப் பயிற்சியில் அன்றைய பாடம், ஊழியரை வேலையிலிருந்து நீக்குவது எப்படி என்பது. துணைப் பதிவாளர் பதவிக்குக் காத்திருந்த லோரெட்டா, ஒத்திகையில் தடுமாறிய தன் இயக்குநர் ரஸ்ஸலுக்கே டோனட்டைக் கடித்தபடி கற்றுக்கொடுத்தாள்.

“மன்னிப்பு மட்டும் கேக்காதீங்க ரஸ்ஸல், கேஸ் போட்டுடுவாங்க. முதல்ல அடையாள அட்டையை வாங்கிடுங்க. அப்புறம் விஷயத்தைச் சொல்லுங்க.”

“அழுதா?”

“தண்ணி குடுங்க. ஏன்னு கேட்டா வாயே திறக்காதீங்க.”

“கல்நெஞ்சக்காரி நீ.”

“அதனாலதான் மேல வர்றேன்.”

அவர் ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டார்.

மாலையில் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். பதவி உயர்வுதான் என்று உதட்டுச்சாயத்தைத் திருத்திக்கொண்டு போனாள்.

“உன் அடையாள அட்டையைக் கொஞ்சம் குடு, லோரெட்டா.”

புதிய பதவிக்குப் புதிய அட்டை என்று பூரித்துக் கழற்றிக் கொடுத்தாள். பிறகுதான், தன் நாற்காலிக்கு எதிரே நிரப்பி வைத்திருந்த தண்ணீர்க் கோப்பையைக் கண்டாள்.

“ஏன், ரஸ்ஸல்?”

அவர் வாயே திறக்கவில்லை.