கடப்பாரைக்கு வைத்த பொட்டு

கடப்பாரைக்கு அன்று தலைகால் புரியவில்லை. நெற்றியில் சந்தனம், குங்குமம். இடுப்பில் மல்லிகைச் சரம். புது வீட்டின் கடைக்காலுக்கு முதல் குத்தே அதனுடையது!

மண்ணுக்குள்ளிருந்து மண்புழு தலையை நீட்டியது. "அண்ணே, ஒரு நிமிஷம்! கீழே தெருவுக்கே தண்ணி போற குழாய் இருக்கு. குடிநீர் ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா? அவங்க வந்து குழாய் போற இடத்தைக் காட்டுவாங்க."

"பிள்ளையார்கிட்டச் சொல்லியாச்சு, பூமாதேவிகிட்டச் சொல்லியாச்சு. இதுக்கு மேல யார்கிட்டடா சொல்லணும்? தள்ளு!"

மண்புழு பதறி விலகியது. கடப்பாரை உயர எழும்பி, முழு பலத்தோடு இறங்கியது. 'ணங்'கென்று ஒரு சத்தம்.

"புதையல்!" என்று அது கூவி முடிப்பதற்குள் தென்னை மர உயரத்துக்குத் தண்ணீர் பீறிட்டது. சந்தனமும் குங்குமமும் கரைந்து சாக்கடையில் ஓடின. அன்று முழுக்கத் தெருவில் ஒரு வீட்டுக் குழாயிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை.

மறுநாள் நாலடி தள்ளித் தோண்டுவதென்று முடிவாயிற்று. மண்புழு மறுபடி ஓடி வந்தது. "அண்ணே, இந்தப் பக்கம் கரண்டு கேபிள் போகுது! ஈ.பி. ஆபீஸ்ல ஒரு வார்த்தை..."

"பயப்படாதேடா!" என்றது கடப்பாரை, புதுப் பொட்டு மினுமினுக்க. "நேத்து ஒரு தேங்காய்தான் உடைச்சாங்க, அதான் குறை. இன்னிக்கு மூணு!"